யேசுரட்ணம் நன்மைக்குப் போகாத ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அவருடைய கந்தோருக்கோ ஊருக்கோ ஆள் அனுப்பத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நன்மை வாங்கும் நேரத்தில், அவர் எழும்பிப் போகிறாரா என்று பார்த்தால் போதும். போனால் நல்லவர். போகாவிட்டால் எங்களுக்கு ஒரு கிழமைக்கு வேலை.

வெளியாருக்கு இது விளங்காது. நன்மை என்பது பூசையில் குருவான சுவாமி நாவில் வைக்கும் திருவப்பம். அதை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கக் கூடாது. மனதில் சாவான பாவமும் இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, சுவாமி இருந்து பாவங்களைக் கேட்கிற மரக்கூண்டுக்கு, போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். ஆகவே கோவிலில் எல்லாரும் எழும்பிப் பீடத்துக் கிராதியை நோக்கிப் போகும்போது ஒருவர் மட்டும் வாங்குப் பலகையிலேயே முழந்தாளில் இருந்தால், பின்னால் இருக்கிற நாங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டே யோசிப்போம். என்ன பாவமாக இருக்கும்?

மன்னார்ப் பக்கமிருந்து வந்த யேசுரட்ணம் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்தார். அதுவும் எங்கள் பக்கத்து வீட்டு றஞ்சிதத்தின் தாய் நேசத்தின் கண்ணுக்கு நேரே, ஆண்கள் பக்கத்து வாங்கில்.

யேசுரட்ணம் தலைமன்னார்த் துறையில் சுங்கக் கிளாக்கர். காலிக்கு மாற்றமாகிப் போகிற வழியில் கொழும்பில் இறங்கியிருந்தார். திங்கட்கிழமைதான் காலி ரயில். "ஞாயிறு முழுக்க ஒண்டும் செய்யாமல் திரியப் போறன் ஐயா, கொழும்பிலை எனக்கு வேறை ஒரு அலுவலும் இல்லை" என்று செபஸ்தியனிடம் சொன்னாராம். செபஸ்தியன் றஞ்சிதத்தின் தகப்பன், துறைமுகத்தில் சாமான் கணக்குப் பார்க்கிறவர். நேசத்தின் புருஷன் என்று சொன்னால்தான் எங்கள் ஒழுங்கையில் ஆளைத் தெரியும்.

வேறு அலுவல் இல்லை என்பது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இரண்டு பகுதிக்கும் தெரிந்த ஒருவர் மூலம் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. படமும் வந்திருந்தது. பெண் பார்க்க வருகிறார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. நேசம் வாய் திறக்காத விதத்திலேயே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண் இருக்கிற வீட்டில் ஆளைத் தங்க வைக்கலாமா? அதனால் இராத் தங்க எங்கள் வீட்டு முன்னறை. நானாகக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

றஞ்சிதத்துக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறாள். இதற்கு முன் வந்த இரண்டு பேரையும் தாய்தான் கலைத்தாள். முதலாமவர் பிரசங்க நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டாமவர் விரத நாட்களான தபசு காலத்தில் கொள்ளுப்பிட்டியில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். மூன்றாம் பேச்சு தொடங்கியபோது றஞ்சிதம் தாயிடம் சொன்னது எங்கள் குசினிச் சுவர்வரை கேட்டது.

"இந்தாளையும் கலைச்சீங்களெண்டா, நான் மடத்துக்கெல்லாம் போகமாட்டன் அம்மா. இந்த வீட்டிலையே இருந்து உங்களை வாட்டுவன்."

அவள் சொன்னால் செய்கிறவள். படத்தில் இருந்த ஆளை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. படமெடுக்கிறவன் சிரிக்கவேண்டாம் என்று சொல்லியிருப்பான். இந்த மனிதர் அதை முழுக்க நிறைவேற்ற முடியாமல் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் காலை ரயிலில் வந்து இறங்கி, பெட்டியை எங்கள் முன்னறையில் வைத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல வெள்ளைக் காற்சட்டையோடு பூசைக்கு வந்து, நன்மை நேரத்தில் அசையாமல் இருந்துவிட்டார்.

பூசை முடிந்து நேசம் வீட்டில் இடியப்பம். மனிதர் ஒரு குறையும் இல்லாதவர்போல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேசம் என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"திரேசக்கா, கண்டீங்களே?"

"என்னத்தை?" என்றேன். நான் கண்டதை முதலில் மற்றவர் வாயால் கேட்பது என் பழக்கம்.

"எழும்பேல்லை. முழங்காலிலை நிண்டவர் நிண்டபடி."

"கால் விறைச்சிருக்கும். இராமுழுக்க ரயில்."

"கால் விறைச்ச ஆள் காலைத் தடவும். இவர் தலையைக் குனிஞ்சுகொண்டெல்லே இருந்தவர்."

இடியப்பம் முடிவதற்குள் ஒழுங்கையில் மூன்று பாவம் தயாராகிவிட்டது. மன்னாரில் ஒரு பொம்பிளை. சுங்கத்தில் கைநீட்டியது. இரண்டும் இல்லாவிட்டால், அங்கே ஏற்கெனவே கலியாணம் முடித்த கள்ளன். எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் பட்டது, சப்பாத்து புதிசு.

"நேரா ஒருக்காக் கேட்டா என்ன?" என்றார் செபஸ்தியன்.

"கேக்கிற கேள்வியே அது? ஒருத்தற்றை ஆத்துமத்துக்குள்ளை கைவிட்டுத் துழாவலாமே?" என்றாள் நேசம்.

அது சரிதான். எங்கள் பகுதியில் ஒருவருடைய பாவத்தை ஊகிக்கலாம், பேசலாம், தேவையானால் கொஞ்சம் கூட்டியும் சொல்லலாம். அவரிடமே கேட்பது மரியாதை இல்லை.

வெள்ளவத்தையில் மக்கீன் வீட்டில் பகல் சாப்பாடு என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மக்கீன் முன்பு எங்கள் பக்கத்தில் புடைவைக் கடை வைத்திருந்தவர். இப்போது கடலோரமாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளைக்குக் கடற்கரை காட்டின மாதிரியும் இருக்கும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்த மாதிரியும் இருக்கும், யாரும் அப்படிச் சொல்லவும் தேவையில்லை. துணைக்கு இன்னொரு பெண்பிள்ளை வேண்டுமல்லவா? நானும் போனேன்.

ட்ராமில் கோட்டைக்குப் போனோம். யேசுரட்ணம் ஓரத்தில் இருந்து செட்டியார் தெரு, பூட்டிய கடைகள், காலியான வண்டில்கள் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் புறக்கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது? அவருக்கு அதுதான் பிடித்திருந்ததாம். "ஒருத்தரும் ஒண்டும் தூக்கேல்லை, ஒண்டும் இறக்கேல்லை" என்றார்.

நேசம் மெதுவாகத் தொடங்கினாள்.

"உங்கட பங்குச் சுவாமி நல்ல கண்டிப்போ தம்பி?"

"நல்ல மனுசன் அம்மா. எங்களோடை கரம் போர்ட் விளையாடுவார். தோத்தா மட்டும் முகம் கறுக்கும்."

"பாவசங்கீர்த்தனம் கேக்க நேரம் கிடைக்குதோ அவருக்கு?"

"சனிக்கிழமையிலை இருப்பார். போன சனியும் நான் போனனான்."

நேசம் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். போன சனிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிக் கழுவியாகிவிட்டது. அப்படியென்றால் பாவம் புத்தம் புதியது. இந்தக் கிழமைப் பாவம். றஞ்சிதம் ட்ராமின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தை. இறங்கியதும் மனிதர் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழந்தாள்வரை மடித்துக்கொண்டு கடலுக்குள் போய் நின்றார். நின்றார் என்றால் வெறுமனே நின்றார். நீந்தவுமில்லை, சிப்பி பொறுக்கவுமில்லை.

"தலைமன்னாரிலை இல்லாத கடலே தம்பி?" என்று செபஸ்தியன் கரையிலிருந்து கேட்டார்.

"அங்கை கடலைப் பாத்தா வேலை ஐயா. எந்த வள்ளத்திலை என்னத்தை ஒளிச்சுக் கொண்டு வாறாங்களெண்டு பாக்கோணும். இது சும்மாக் கடல்."

றஞ்சிதம் சிரித்தாள். நேசம் அவளைப் பார்க்க, சிரிப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பாவம் செய்த ஆள் இப்படி நிற்பானா என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நிறையப் பாவம் செய்தவன்தான் இப்படி நிற்பான் என்று நேசம் என் காதில் சொன்னாள்.

மக்கீன் வீட்டில் சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பாகு, பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பின் விறாந்தையில் இருந்தோம். முன்னால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். மக்கீன் சாய்மனைக் கதிரையில் அரைத்தூக்கம். யேசுரட்ணம் இன்னொன்றில் முக்கால் தூக்கம். மக்கீனின் மனைவி ஹமீமா கோப்பைகளைத் தட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போதுதான் றஞ்சிதம் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில் ஊசி எங்கே என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"நீங்கள் இண்டைக்கு ஏன் நன்மைக்குப் போகேல்லை?"

நேசம் கோப்பையைத் தட்டத்தில் திருப்பி வைத்தாள். செபஸ்தியன் கடலைப் பார்த்தார். மக்கீனுக்குத் தூக்கம் கலைந்தது.

யேசுரட்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டன்" என்றார்.

"எங்கை?"

"பொல்காவலையிலை. விடியேல்லை, நல்ல நித்திரை. ரயில் நிண்டது, ஆரோ ஜன்னலாலை கோப்பையை நீட்டினாங்கள், வாங்கிக் குடிச்சிட்டன். கோப்பையைத் திருப்பிக் குடுக்கேக்கைதான் ஞாயிறு எண்டு நினைவு வந்தது."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அது நல்ல தேத்தண்ணியும் இல்லை."

றஞ்சிதம் சிரித்தாள். இந்தமுறை துடைக்கவில்லை.

என்ன விஷயம் என்று ஹமீமா கேட்டாள். செபஸ்தியன் எங்கள் சட்டத்தை விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதுக்கா இவ்வளவு கத? எங்கட நோன்புல மறந்து குடிச்சா நோன்பு முறியிறல்ல. அது அல்லாஹ் குடுத்த தண்ணி எண்டு சொல்ற" என்றாள்.

"உங்கட சட்டம் நல்ல சட்டம் ஹமீமா," என்றாள் நேசம். "எங்களுக்கு மறதிக்கு இடமில்லை."

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். பாத்திரம் எடுத்துவைக்கிற சாட்டில் உள்ளே போனபோது நேசம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்புறீங்களே திரேசக்கா?"

"ஏன் நம்பாமல்?"

"ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக ஒருத்தன் ஊருக்கு முன்னாலை முழங்காலிலை இருப்பானே? பொம்பிளை பாக்க வந்த இடத்திலை? உண்மையா வெறும் தேத்தண்ணி எண்டா பேசாமல் எழும்பிப் போயிருப்பான். பொல்காவலையிலை குடிச்சதை இங்கை ஆர் கண்டது?"

"நீ எண்டா போயிருப்பியோ?"

நேசம் வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று ஹமீமாவைக் கேட்கப் போய்விட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஒரு தீர்மானத்தோடு இருந்தாள்.

"தம்பி, பின்னேரம் கோவிலிலை ஆசீர்வாதச் செபம். அதுக்கு முன்னம் சுவாமி தொட்டியிலை இருப்பார். தூரப் பயணம் போறவை அதுக்கு முதல்நாள் மனசைக் கழுவிப்போட்டுப் போறது எங்கட பகுதி வழக்கம்."

கப்பலேறப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையில் சுவாமி இருப்பது உண்மை. காலிக்குப் போகிறவர்களும் போக வேண்டும் என்ற வழக்கத்தை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"அதுக்கென்ன அம்மா, போனாப் போச்சு" என்றார் யேசுரட்ணம். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாத சாதி என்று அப்போதுதான் விளங்கியது. நேசத்தின் முகம் மலர்ந்தது. கொம்பனித்தெரு வருவதற்குள் செபஸ்தியனோடு ஏதோ கதைக்க அந்தப் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காது உள்ளேதான் இருந்தது.

"போகாதேங்கோ" என்றாள் றஞ்சிதம்.

"ஏன்? அஞ்சு நிமிஷ வேலை. சொல்ல எப்பவும் ஏதாவது இருக்கும்தானே."

"நீங்கள் அந்தத் தொட்டிக்குப் போனா, பாவம் இருந்தது, சொல்லிப்போட்டார் எண்டு ஒழுங்கை முடிவு கட்டும். அம்மாவுக்கு அது காணும். பெரிய மனசு பண்ணி மன்னிச்ச மாதிரி உங்களை ஏத்துக்கொள்ளுவா. பிறகு சாகுமட்டும் நீங்கள் மன்னிச்ச மருமகன். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த முகத்தோடைதான் உங்களுக்குக் கேக் வெட்டித் தருவா."

"போகாட்டி?"

"இந்தப் பேச்சை விட்டிடுவா."

"அப்ப ரெண்டும் பிழையெல்லே?"

"ஓம்."

"நீங்கள் எதைச் சொல்லுறீங்கள்?"

"நான் சொல்லிப்போட்டன். செய்யாத பாவத்துக்கு இண்டைக்குப் போய் நிண்டீங்களெண்டா, நாளைக்கு நான் செய்யாததுக்கும் என்னைப் போய் நிக்கச் சொல்லுவீங்கள்."

அதற்குள் ரயிலும் கோட்டைக்கு வந்துவிட்டது.

மாலையில் கோவில் நிறைந்திருந்தது. ஒரு சாதாரண ஞாயிறு ஆசீர்வாதத்துக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து அவ்வளவு பேர் நான் கண்டதில்லை. பக்தி எப்போது யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. தொட்டி இடது பக்கச் சுவரோரமாக இருந்தது. அதன் முன்னால் இரண்டு கப்பற்காரரும் ஒரு குசினிக்காரனும் வரிசையில் நின்றார்கள். யேசுரட்ணம் ஆண்கள் பக்கத்தில், செபஸ்தியனுக்கு அருகில் இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நேசம் ஒருமுறை இருமினாள். அவர் அசையவில்லை. இன்னொருமுறை இருமினாள்.

அவர் எழும்பினார். இடது பக்கமாகப் போனார். வரிசையின் கடைசியில் நின்றார்.

என் பக்கத்தில் றஞ்சிதம் முக்காட்டை இழுத்துப் போட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பற்காரர் இருவரும் உள்ளே போய்வந்தார்கள். இப்போது குசினிக்காரன். அவன் நிறையச் செய்தவன் போலிருக்கிறது, நேரமெடுத்தது. யேசுரட்ணம் சுவரிலிருந்த சிலுவைப்பாதைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குசினிக்காரன் வெளியே வந்தான். அடுத்தது அவர். பின்னால் ஒரு கிழவர் வந்து நின்றிருந்தார். யேசுரட்ணம் அவருக்கு வழிவிட்டு, உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டு எழும்பி, பக்கக் கதவால் வெளியே போய்விட்டார்.

வாத்தியப் பெட்டி தொடங்கியது. எல்லாரும் பாட எழும்பினோம். நேசம் பாடவில்லை, அவள் வாய் ஒரு கோடாக இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் மூன்றாவது பேச்சும் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. றஞ்சிதத்துக்கும் தெரிந்திருக்கும். அவள் வாங்கிலிருந்து வெளியே வந்தாள். பக்கக் கதவு கிட்டத்தில்தான் இருந்தது. அவள் அந்த வழியால் போகவில்லை. நடுவழிக்கு வந்து, ஒரு முழந்தாளை மடித்து எழும்பி, பாட்டு நடந்துகொண்டிருக்க, கோவில் முழுக்கப் பார்க்க, பெரிய கதவால் வெளியே போனாள்.

பாட்டு ஒரு கணம் மெலிந்து மறுபடி வந்தது. செபஸ்தியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரித்தாரோ என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

ஆசீர்வாதம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது இருவரும் கோவில் படிக்கட்டில் இருந்தார்கள். நடுவில் ஒரு பெட்டி வைக்கலாம் போல இடைவெளி. அதில் ஒரு கடலைச் சுருள். என்ன கதைத்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நாங்கள் வரக் கதையை நிறுத்திவிட்டார்கள்.

படிக்கட்டின் மேல்தட்டில் நேசம் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கை முழுக்க நின்றது. ஒரு குமர்ப்பிள்ளை ஆசீர்வாத நேரத்தில் ஒரு ஆணின் பின்னால் கோவிலை விட்டு வெளியே போனால் அதற்கு இரண்டே விளக்கம்தான் உண்டு. ஒன்று பிள்ளை கெட்டவள். மற்றது அந்த ஆள் வேற்றாள் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று நேசம் முடிவெடுக்க ஒரு மூச்சு நேரமும் எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி.

"தம்பி," என்றாள், கடைசிப்படியில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில். "இராச்சாப்பாடு எங்கட வீட்டிலைதான். மருமகன் எண்டு வந்தாப்பிறகு இனி என்ன வெக்கம்?"

யேசுரட்ணம் எழும்பினார். "அதுக்கென்ன மாமி" என்றார்.

றஞ்சிதம் மிச்சக் கடலையைத் தகப்பனிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவர் காலிக்குப் போய்விட்டார். ரயில் புகை அடங்குவதற்குள் நேசம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தேவையான எல்லா வீட்டுக்கும் போகிற வழியில் எங்களுடையதுதான் முதலாவது.

"பாவம் திரேசக்கா, அந்தப் பிள்ளைக்கு ரயிலிலை நல்ல காய்ச்சல். பொல்காவலையிலை ரயில் கார்ட் ஐயாவே கண்டு, வற்புறுத்தி மல்லித்தண்ணி குடிக்க வைச்சவராம். குடிச்சாப்பிறகு நன்மைக்குப் போகலாமே? அந்தக் காய்ச்சலோடையும் முழங்காலிலை நிண்டு பூசை கண்டது. அதையெல்லே நாங்கள் பாக்கோணும்."

"தேத்தண்ணி எண்டெல்லே சொன்னவர்?"

"அது மரியாதைக்குச் சொன்னது. தன்ர வருத்தத்தைச் சொல்லித் திரியிற ஆளே அவர்?"

நான் மறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நானே கூடப் போனேன். அவள் மறந்துவிட்ட இடத்தில் காய்ச்சலை நான் எடுத்துக் கொடுத்தேன். கலியாண அறிவித்தலாக அவர்களுடைய பெயர்களைக் கோவிலில் மூன்றாம் ஞாயிறும் வாசித்து முடிக்கும்போது கார்ட் ஐயா வெள்ளைக்காரராகியிருந்தார், மல்லித்தண்ணிக்குள் இஞ்சியும் விழுந்திருந்தது.